வீட்டுப் பக்கத்திலிருந்து பிடுங்கு

ஸன்டர்ஹெடெ,
மேற்கு யூட்லாந்து.
18 ஜனவரி 1998

லிஸ்பெத்துக்கு,

பக்கத்துப் பண்ணை எஸ்பென் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், உன் வாயால் கேட்க வழியில்லாததால். கிரீன்லாந்தில் உன் மருத்துவ நிலையத்துக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டேன். மூன்று தடவையும் நர்ஸ் வெளியே போயிருப்பதாக ஒரு பெண் சொன்னாள். நாற்பது வீடு உள்ள ஊரில், பகலெல்லாம் இருட்டாயிருக்கும் ஜனவரியில், சுற்றிலும் கடல் உறைந்து கிடக்கும்போது, அப்படி எங்கேதான் வெளியே போவாய் என்று எனக்குப் புரியவில்லை. அதனால்தான் காகிதம். முகவரி லெம்விக்கிலிருக்கும் உன் அத்தையிடம் வாங்கியது.

பயப்படாதே, யாரும் சாகவில்லை. விஷயம் மரவேலி.

உங்கள் நிலத்துக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவே நிற்கிற ஸ்ப்ரூஸ் ஊசியிலை மர வரிசையைச் சொல்கிறேன். நீ இங்கிருந்து போனபோது அதற்கு உச்சியிலாவது பச்சை இருந்தது. இப்போது பாதிக்கு மேல் பட்டுவிட்டது. இரண்டு மிதமான குளிர்காலம் வந்ததில் அசுவினிப் பூச்சி சாகவே இல்லை. உட்கார்ந்து ஊசி இலையை எல்லாம் உறிஞ்சித் தீர்த்துவிட்டது. கீழ்க்கிளைகள் என்றைக்கோ போய்விட்டன. மேற்கிலிருந்து வரும் காற்று மரத்தின் காலடியில் புகுந்து, தடையே இல்லாத இடத்தைவிட வேகமாக அந்தப் பக்கம் வெளியேறுகிறது. காற்றைத் தடுக்க நட்ட வேலி காற்றுக்குக் குழாய் போட்டுக் கொடுக்கிறது. இதற்கு வேலி என்று பெயர் வேறு.

நான் மரவேலிச் சங்கத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தது உனக்குத் தெரியுமோ என்னவோ. இந்த வட்டாரத்துப் பழைய ஸ்ப்ரூஸ் வேலிகளை எல்லாம் வேரோடு பிடுங்கிவிட்டு ஓக், ரோவன், முள்மரம் என்று மூன்று வரிசையாக நடுவதுதான் வேலை. எல்லார் நிலத்திலும் முடிந்தது, என் வீட்டு வேலி மட்டும் பாக்கி. எல்லை வேலி என்றால் இரண்டு பக்கத்துக்காரரும் சம்மதிக்க வேண்டும். உன் அப்பா மாட்டேன் என்றார். போன வருஷம் சங்கக் கூட்டத்தில், "எஸ்பென், ஊர் வேலியெல்லாம் புடுங்குற, உன் வேலி மட்டும் எங்களுக்குக் கண்காட்சியா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

நம் அப்பாக்களின் சண்டை உனக்குத் தெரிந்ததுதான். உன் அம்மா எலனை அடக்கம் செய்த அதே இலையுதிர் காலத்தில், பண்ணையை எடுத்து நடத்துவதற்காகப் படித்துக்கொண்டிருந்த உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், நிலம் முழுவதையும் உன் அப்பா கிரெஸ்டன் ஒரு பன்றிப் பண்ணைக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டார். அதே நிலத்துக்கு என் அப்பாவும் ஆசைப்பட்டிருந்தார். நீயும் என் அப்பாவும் ஒரே காரணத்துக்காகத்தான் அவரோடு பேச்சை விட்டீர்கள். உனக்குப் போய்ச் சேரக் கிரீன்லாந்து கிடைத்தது. என் அப்பாவுக்கு மறைந்துகொள்ள இந்த வேலிதான் கிடைத்தது.

இப்போது கதை மாறிவிட்டது. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் உன் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. தொப்பியைக்கூட எடுக்கவில்லை. "ஏகோன், அந்த மரத்த எடுத்துருங்க," என்றார். என் அப்பா, "ஒம்போது வருசம் கழிச்சு வந்து மரத்தப் பத்திப் பேசுறியே, காபி குடிக்கிறியா?" என்றார். "வேணாம்." "சரி." இதுதான் மொத்தப் பேச்சு. நான் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் அதோடு போயிருப்பார்.

நான் நின்றதால் ஒரு நிபந்தனை போட்டார். வேலியை வீட்டுப் பக்கத்து முனையிலிருந்து பிடுங்க வேண்டுமாம். இது மடத்தனம். ரோடு இருப்பது மறுமுனையில். அங்கேதான் தரை இறுக்கம், லாரி நிற்க இடம், மரச்சில்லைக் குவிக்க இடம் எல்லாம். உங்கள் வீட்டுப் பக்கம் தாழ்வு, சேறு. பொக்லைன் அங்கிருந்து தொடங்கினால் நாள் முழுக்கத் தன் காலைத் தானே இழுத்துக்கொண்டிருக்கும். பொறுமையாக விளக்கினேன். (பொறுமையாகத்தான்.) "வீட்டுப் பக்கத்துலேருந்து புடுங்கு. இல்லன்னா விடு," என்றார். ஏன் என்று கேட்டேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வயதாக ஆக மனிதர்கள் ஏன் இப்படிக் கிறுக்குப் பிடித்து அலைகிறார்கள் என்று தெரியவில்லை.

ஆக, வீட்டுப் பக்கத்திலிருந்துதான் பிடுங்குகிறோம். பொக்லைன் ஓட்டும் ப்ரெபென் தினமும் என்னைத் திட்டுகிறான். தரை உறையவே இல்லை. மழை, சேறு, மறுபடி மழை. காலையில் எழுந்ததும் ஈரம் காயாத பூட்சுக்குள் காலை விடும்போது, இந்தப் படிப்பை எதற்குப் படித்தேன் என்று இருக்கிறது.

உன்னிடம் வேண்டியது ஒன்றுதான். உங்கள் பக்கத்து வரிசையில் என்ன நடுவது என்று உன் அப்பாவைக் கேட்டால், "லிஸ்பெத்தக் கேளு," என்கிறார். வேறு பதில் இல்லை. ஓக்கா, ரோவனா, முள்மரமா? உயரமாகவா, குட்டையாகவா? மரமே இல்லாத ஊரில் உட்கார்ந்திருப்பவளிடம் மரம் கேட்பது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஆனாலும் கேட்டாயிற்று. ஏப்ரலுக்குள் பதில் எழுது.

இப்படிக்கு,
எஸ்பென்


ஸன்டர்ஹெடெ,
19 பிப்ரவரி 1998

லிஸ்பெத்துக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: உன் அப்பா உயிரோடு இருக்கிறார். ஹோல்ஸ்டெப்ரோ மருத்துவமனையில் இருக்கிறார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. நேற்று உன் நிலையத்துக்குப் போன் செய்து அந்தப் பெண்ணிடம் இவ்வளவையும் சொன்னேன். சொல்லியிருப்பாள். நடந்தது என்ன என்பதைப் போனில் அவளிடம் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை. காலைக்குள் வேலியில் வீட்டுப் பக்கத்து மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராக உங்கள் முற்றம். என் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இனிமே தெனமும் அவன் மூஞ்சில முழிச்சுத்தான் ரொட்டி திங்கணும்," என்று முணுமுணுத்தார். ஆனால் நாற்காலியை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பத்து மணிக் காபிக்கு ப்ரெபென் உள்ளே வந்தான். அவன்தான் முதலில் பார்த்தான். உங்கள் முற்றத்துக் கம்பத்தில் கொடி ஏறியிருந்தது. மழையில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு, காற்றடிக்கும்போது மட்டும் படார் என்று விரிந்தது.

"என்ன, ராணிக்குப் பொறந்தநாளா இன்னிக்கு?" என்றான் ப்ரெபென்.

"ராணிக்கு ஏப்ரல்ல. காபியக் குடி."

"அப்ப அந்த ஆளு என் பொக்லைனுக்குத்தான் கொடி ஏத்தியிருக்கணும். ஒரு மாசமா சேத்துல பொரளுதே, மரியாதை வேணாமா?"

நான் சிரித்தேன். என் அப்பா சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்குத் தேதி என்னடா?" என்றார். பதினேழு என்றேன். "லிஸ்பெத் பொறந்தநாளுக்குடா அது," என்றார். "அந்தப் பனியில ரோடே தெரியாம என் டிராக்டர்லதான எலன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன்னால மண்வெட்டியோட கிரெஸ்டன் ஓடுறான், பின்னால நான் ஓட்டுறேன். எப்படி மறக்கும்?"

வருஷா வருஷம் ஏற்றியிருக்கிறார் போல. நடுவில் மரம் நின்றதால் எங்களுக்குத் தெரியவில்லை. உனக்கு அவர் ஒரு கார்டுகூடப் போடுவதில்லை என்று உன் அத்தை சொன்னாள். கார்டு போடுவதில்லை. கொடி ஏற்றுகிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நீயே முடிவு செய்துகொள்.

சாயங்காலம் நான் மேஜையில் நடவு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கிவிட்டது. ஜன்னலோரம் இருந்த அப்பா, "டேய், அவன் கொடிய எறக்கல," என்றார். மறந்திருப்பார் என்றேன். "யாரு, கிரெஸ்டனா? பொழுது சாஞ்சப்புறம் பறக்குற கொடி சாத்தானுக்குப் பறக்குற கொடி. செத்தாலும் அவன் அத விடமாட்டான்." எனக்கு வேலை இருந்தது. ஒரு துணி அரை மணி நேரம் கூடப் பறந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்றேன். அவர் அதற்குள் பூட்சை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் முழங்கால் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ரோட்டைச் சுற்றிப் போகாமல், மரம் பிடுங்கிய குழிகளுக்கு நடுவே நேராகக் குறுக்கே நடந்தார். விழுந்து தொலைப்பாரே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

உன் அப்பா கம்பத்தடியில் கிடந்தார். ஒருக்களித்து, தொப்பி ஒரு பக்கம், இடது கையில் கயிறு. கொடியை இறக்க வந்தபோதுதான் விழுந்திருக்கிறார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என் அப்பா சேற்றில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டார். "ஏண்டா, ஒம்போது வருசம் கழிச்சு உன் வீட்டுக்கு வர்றேன். படுத்துக்கிட்டா வரவேற்ப?" என்றார். உன் அப்பா சிரித்தாரா என்று தெரியாது. அந்த வாயை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் கயிற்றை விட்டுவிட்டு என் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் முழுக்க இருட்டிவிட்டது. ஏற்றியனுப்பிய பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றால் என் அப்பா அசையவில்லை. கொடியை இறக்கி, தரையில் படாமல் தோளில் வாங்கி, நான் டார்ச் பிடிக்க, முனைக்கு முனை சேர்த்து மடித்தார். ஈரத்துணி மரக்கட்டைபோலக் கனத்தது. இப்போது எங்கள் வீட்டு அடுப்புக்கு மேல் கயிற்றில் காய்கிறது.

டாக்டர் சொன்னது: இன்னும் ஒரு மணி நேரம் அந்தக் குளிரில் கிடந்திருந்தால் பிழைத்திருக்கவே மாட்டார். நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது வருகிறாய் என்று எழுது. போன் என்றால் இன்னும் நல்லது.

எஸ்பென்


ஸன்டர்ஹெடெ,
9 மார்ச் 1998

லிஸ்பெத்துக்கு,

உன் கார்டு வந்தது. முன்பக்கம் பனிமலை, பின்பக்கம் மூன்று வரி. நல்ல மருத்துவமனை, நல்ல டாக்டர்கள். பேச்சு தானாக வரவேண்டும், வராமலும் போகலாம். இதில் நான் வந்து செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். நர்ஸாகக் கேட்டால் சரியான கேள்விதான். இரண்டு நாள் கோபத்தோடு அலைந்தேன். அப்புறம், கேள்வி என்றால் பதில் சொல்லவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் இங்கத்துச் சேதி. வேலி முழுவதும் போய்விட்டது. வேர் சீவி எடுத்தாயிற்று, அடிக்கட்டை ஒன்று பாக்கியில்லை. மரம் எல்லாம் சில்லாகி, ஊருக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலனுக்குப் போயிற்று. ப்ரெபென் போன வாரம் பொக்லைனை லாரியில் ஏற்றிக்கொண்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உன்னோட இன்னொரு வேலி புடுங்குறதுக்கு நான் பல்லப் புடுங்கிக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போன மறுநாளே மழை நின்றது. இப்போது கிழக்குக் காற்று. வறண்ட, நிற்காத காற்று. வேலி நின்ற இடத்தில் ஆழ உழுதுவிட்ட பட்டையிலிருந்து மணல் எழுந்து ஜன்னல் இடுக்கிலும் படுக்கையிலும் காபியிலும் விழுகிறது. நட்டு, களை எடுத்து, அது இடுப்பளவு வரும்வரை மூன்று நாலு வருஷம் இப்படித்தான். இதை எல்லாருக்கும் விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

என் அப்பா தினம் இரண்டு வேளை உங்கள் கோழிகளுக்குத் தீனி போடப் போகிறார். நான் உழுது பொலபொலவென்று ஆக்கி வைத்திருக்கும் பட்டையின் குறுக்கே, ஒரே தடத்தில், மிதித்து இறுக்கிக்கொண்டு. ரோட்டைச் சுற்றிப் போங்கள் என்று கத்தினேன். "ஒம்போது வருசமா சுத்திப் போயாச்சு," என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வாரம் மூன்று நாள் நான் அவரை மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப் போகிறேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உன் அப்பாவால் பேச முடியாது, என் அப்பாவுக்குப் பேசத் தெரியாது. திரும்பும்போது காரில், "இன்னிக்கு நல்லாப் பேசினோம்," என்கிறார்.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். மூளையில் இது இரண்டாவது தழும்பாம். முதலாவது சின்னது, அதற்கு நாலைந்து மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார். யாரிடமாவது சொன்னாரா என்று என்னைக் கேட்டார். யாரிடம் சொல்வார்? அதாவது, இலையுதிர் காலத்தில் எங்கோ, முற்றத்திலோ மாட்டுக்கொட்டகையிலோ, உன் அப்பா ஒரு தடவை விழுந்திருக்கிறார். எவ்வளவு நேரம் கிடந்தாரோ. எழுந்திருக்கிறார். சுற்றிலும் பார்த்திருக்கிறார். கிழக்கே நிலம், தெற்கே நிலம், மேற்கே மரவேலி. அக்டோபர் கடைசியில் எங்கள் முற்றத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை, தள்ளிக்கொண்டு. அதை நான் பார்த்தேன், ஆனால் என்ன என்று யோசிக்கவில்லை.

வீட்டுப் பக்கத்திலிருந்து பிடுங்கு என்றார். ஏன் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. என்னை யாராவது பார்த்துக்கொண்டிருங்கள் என்று ஸன்டர்ஹெடெக்காரன் எவனும் வாயைத் திறந்து கேட்கமாட்டான், நீயும் கேட்கமாட்டாய். மரத்தை எடு என்பான். நான் படித்த முறைப்படி ரோட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தால், பிப்ரவரி பதினேழாம் தேதி உங்கள் முற்றத்துக்கு எதிரே வேலி முழுசாக நின்றிருக்கும். முறை சரிதான், இன்றைக்கும் அடுத்தவன் வேலியை ரோட்டுப் பக்கத்திலிருந்துதான் பிடுங்குவேன். ஆனால் இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

தினம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் உன் அப்பாவுக்கு ஒரு தவிப்பு வருகிறது. பகலெல்லாம் சாந்தமாக இருக்கிறவர், ஜன்னல் சாம்பல் நிறமாகத் தொடங்கியதும் இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, முகத்துக்கு நேரே உயர்த்தி, கீழே இழுக்கிறார். மறுபடி உயர்த்தி, மறுபடி இழுக்கிறார். ஜன்னல் திரையை இறக்கச் சொல்கிறார் என்று அங்கத்து நர்ஸுகள் நினைத்து, தினமும் திரையை இறக்கினார்கள். அதற்குப் பிறகு தவிப்பு இன்னும் அதிகமாகும். வாயில் இருக்கிற ஒரே சொல் "இல்ல". இல்ல, இல்ல, இல்ல. ஊசி போட்டுத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு நாள் சாயங்காலம் வரை இருந்ததில்தான் பார்த்தேன். கயிறு இழுக்கிறார், லிஸ்பெத். கொடியை இறக்குகிறார். இன்னும் அந்தக் கம்பத்தடியிலேயேதான் கிடக்கிறார்.

நான் டெக்னீஷியன். ஒன்று சரிப்படவில்லை என்றால் அடுத்ததைச் செய்து பார்ப்பேன். காதருகே குனிந்து, "கிரெஸ்டன், கொடிய அன்னிக்கே எறக்கியாச்சு, அப்பா மடிச்சு வச்சிருக்கார்," என்றேன். என்னையே பார்த்தார். "இல்ல," என்றார். மறுநாள் என் அப்பா கொடியையே கொண்டுபோய் மடியில் வைத்தார். காய்ந்து, இஸ்திரி போட்ட கொடி. (இஸ்திரி போட்டது என் அப்பா. ஒரு மூலையில் தீய்ந்திருக்கிறது.) உன் அப்பா அதைத் தடவிப் பார்த்தார். அன்றைக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். இருட்டத் தொடங்கியதும் மடியில் கொடியை வைத்துக்கொண்டே கையை உயர்த்தி இழுத்தார்.

செய்து பார்க்காதது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அது என்ன என்று உனக்கு நான் எழுத வேண்டுமா? நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்.

உன் கோபம் சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. நிலத்தை ஏன் அப்படிக் கொடுத்தார் என்று எனக்கும் தெரியாது. இனி அவராலும் சொல்ல முடியாது. உன் அம்மா பால் கறக்கிற இடத்திலேயே விழுந்து போனதைப் பார்த்த மனுஷன், அடுத்து அங்கே நீ நிற்பதைப் பார்க்கப் பயந்தாரோ என்று என் அப்பா ஒரு நாள் காரில் சொன்னார். அது அவருடைய ஊகம். நான் ஊகம் செய்கிறவன் இல்லை.

வேலி விஷயம் இன்னும் முடியவில்லை. நாற்றுகள் சங்கத்துக் குளிர் அறையில் கட்டுக்கட்டாகத் தூங்குகின்றன. ஓக்குகளுக்கு நடுவே ஆல்டர் வைக்கிறோம். அது வேகமாக வளர்ந்து ஓக்குக்குக் காற்று படாமல் மறைக்கும். ஓக் நிமிர்ந்த பிறகு ஆல்டரை வெட்டி எடுத்துவிடுவோம். வரைபடம் தயார். ஆனால் என் அப்பா ஒரு நாள் சமையலறை ஜன்னலில் நின்று, உங்கள் கொடிக்கம்பத்துக்கு நேரே விரலை நீட்டி, "அந்த எடத்துல மரம் வராது," என்றார். வேலியில் சந்து விட்டால் காற்று முழுக்க அதில் திரண்டு பாயும், விதைத்ததை எல்லாம் வாரிக்கொண்டு போகும். முதல் வருஷப் பாடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். கத்தினேன். "வராது," என்றார். இரண்டு நாள் கழித்து அந்த இடத்துக்குக் காட்டு ரோஜாவும் குட்டைப் புதரும் குறித்து வரைபடத்தைத் திருத்தினேன். மணலைப் பிடிக்கும், ஆள் உயரத்துக்கு மேல் போகாது, அதற்கு மேல் கம்பம் தெரியும். சங்கத் தலைவர் இது என்ன புதுப் பாணி என்று கேட்டார். அழகுக்காக என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டதும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உங்கள் பக்கத்து வரிசைக்கு என்ன மரம் என்று நீ இன்னும் சொல்லவில்லை. கார்டில் அதற்கும் இடமில்லை போலும். நாற்றுகளை மொட்டு விரியும்வரைதான் வைத்திருக்க முடியும். குளிர் அறையிலேயே இருந்தாலும் ஒரு நாள் அவையாகவே விரித்துக்கொள்ளும். அதற்கு அப்புறம் நட்டுப் பயனில்லை. ஏப்ரல் வரை தாங்கும். மே வரை இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை.

உன் ஊரிலிருந்து ஹெலிகாப்டர் எந்த நாளில் கிளம்பும், காற்றடித்தால் எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கோபன்ஹேகன் வந்ததும் ஒரு போன் போடு. ரயில் எந்நேரம் வந்தாலும் ஹோல்ஸ்டெப்ரோ ஸ்டேஷனில் நிற்பேன். காரில் ஹீட்டர் வேலை செய்யாது. உனக்கு அது ஒரு பொருட்டாயிருக்காது.

பகலில் வந்து சேர்ந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கு, அலுப்புத் தீரட்டும். அவரிடம் சாயங்காலம் போனால் போதும். ஜன்னலில் வெளிச்சம் குறைந்து அவர் கையை உயர்த்தும்போது, அந்தக் கையைப் பிடித்து, "நான் வந்துட்டேன்பா, இனிமே கொடிய எறக்கலாம்," என்று சொல். நாங்கள் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
எஸ்பென்